வரப்புச் செடியும் வேலிக் கொடியும்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் வரை போகும்போது காட்டு வரப்புகளைக் கவனியுங்கள். கை விரித்தாற்போன்ற இலைகளுடன் ஆமணக்கு நிற்கும். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே உண்டு. ஆனாலும் ஆமணக்கின் தாயகம் வடகிழக்கு ஆப்பிரிக்கா என்பர் தாவரவியலார். அது மிகப் பழங்காலத்தில் வந்த விருந்தாளி.

அதன் இலையில் கிளைத்த முட்களுடைய பச்சைப் புழுவைக் காணலாம். செம்பழுப்புச் சிறகில் அலையலையாகக் கருங்கோடுகள் கொண்ட ‘அரியாட்னே மெரியோனே’ என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. இப்பூச்சியோ இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. அப்படியானால் ஆமணக்கு வருமுன் அதன் புழு எதைத் தின்றது?

விடை வேலியில் இருக்கிறது. உடம்பில் பட்டால் தினவெடுக்கும் செந்தட்டிக் கொடியையும் இப்புழு தின்னும். காஞ்சொறி என்பதும் அதுவே. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டி, சுவையறிந்த பிறகே முட்டையிடும். உறவுச் செடியின் சுவை ஒத்திருந்ததால் புதுச் செடியை ஏற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கிளுவை வேலி போய்க் கம்பி வேலி வந்த இடத்தில் செந்தட்டி எதைப் பற்றிப் படரும்? அதற்காக யாரும் அழப்போவதில்லை. சிறுவயதில் அதன்மேல் விழுந்தபோது நான் அழுதது வேறு காரணத்துக்காக!

ஆமணக்கு இருக்கிறதே, போதாதா என்பீர்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் புல்வெளி ஒன்றில் எடிதா என்னும் வண்ணத்துப்பூச்சி, காலின்சியா என்ற நாட்டுச் செடியை விட்டு, கால்நடை வளர்ப்போரால் வந்த ஐரோப்பியக் களையான பிளான்டாகோவுக்கு மாறியது. காலின்சியா விரைவில் காய்ந்துவிடும். களையோ நெடுநாள் பசுமையாக இருக்கும். 2005க்குள் பூச்சி முழுவதும் களையையே நம்பியிருந்தது. அவ்வாண்டு மாடுகள் வெளியேற்றப்பட்டன. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது. களைமீது நிழல் விழுந்தது. வெயிலின் வெப்பத்தை நம்பி வளரும் புழுக்கள் குளிர்ந்த இலைகளில் பிழைக்கவில்லை. 2008இல் அங்கு ஒரு பூச்சிகூட இல்லை. பின்னர் 2013-14இல் வந்து குடியேறியவை காலின்சியாவில் முட்டையிடும் பூச்சிகள்.

நம் ஊர்ப் புழு பழைய கொடியை மறந்துவிட்டதா? நீங்களே சோதிக்கலாம். வலை மூடிய புட்டியில் ஆமணக்குப் புழு ஒன்றை விட்டு, ஆமணக்கு இலை ஒன்றும் இடுக்கியால் பறித்த செந்தட்டி இலை ஒன்றும் வையுங்கள். எதை, எவ்வளவு தின்கிறது என்று நாள்தோறும் குறியுங்கள். ஆமணக்கு விதை நஞ்சு. வாயில் வைக்கக் கூடாது. செந்தட்டியைத் தேடி எத்தனை வேலிகள் நடந்தீர்கள் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள்.