வான்கோழிக் குஞ்சுக்குக் கையால் ஊட்டுங்கள்: முதல் 15 நாள் பாடம்



குழுவில் கடன் வாங்கி வான்கோழி வளர்க்கும் பெண்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள். "குஞ்சு வாங்கியாந்து மூணு நாள் நல்லாத்தாங்க ஓடியாடிக்கிட்டு இருந்துச்சு. நாலாம் நாள்ல இருந்து ஒண்ணு ஒண்ணா சாயுது. என்ன நோயின்னே தெரியல."

பல நேரம் அது நோயே இல்லை, பசி.

தட்டு நிறைய தீவனம் இருக்கும்போது பசியா என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான். முட்டைக்குள் இருந்த மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சுமார் மூன்று நாளைக்கு அது தாங்கும். அதற்குள் குஞ்சு தீவனம் கொத்தப் பழக வேண்டும். கோழிக்குஞ்சு பொரித்த அன்றே கொத்தத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மந்தம், பயமும் அதிகம். தீவனத்தின் மேலேயே நிற்கும், ஆனால் தின்னத் தெரியாது. கையிருப்புத் தீர்ந்ததும் சாய்ந்துவிடும். அதனால் தாய் இல்லாத குஞ்சுக்கு நாம்தான் தாய். ஊட்டவும் வேண்டும், பிறகு ஊட்டுவதை மறக்கடிக்கவும் வேண்டும்.

குஞ்சு வருவதற்கு முன்

அட்டை, தகரம், மூங்கில் தட்டி எது கிடைத்தாலும் ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாகத் தடுப்பு கட்டுங்கள். மூலை இருந்தால் குளிருக்கோ பயத்துக்கோ குஞ்சுகள் அங்கே குவிந்து, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். கீழே நெல் உமி பரப்பி, முதல் சில நாளைக்குச் சாக்கு விரியுங்கள். வழுக்கும் காகிதம் வேண்டாம், கால் அகன்று நொண்டியாகிவிடும்.

நடுவில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். வாரம் 5 டிகிரி வீதம் குறைத்து நாலாவது வாரம் 80 டிகிரிக்குக் கொண்டு வரலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சையே பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், தடுப்போரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி.

ஊட்டும் முறை

1. குஞ்சு வந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போனால் அங்கேயே முடிந்துவிடும்.

2. 10 குஞ்சுக்கு 1 முட்டை கணக்கில் நன்றாக வேகவைத்து, பொடியாக உதிர்த்துத் தீவனத்தின் மேல் தூவுங்கள்.

3. 1 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வையுங்கள். வெயில் நாளில் சீக்கிரம் புளிக்கும். அடிக்கடி கொட்டிக் கழுவி, புதிதாக வையுங்கள்.

4. தின்னாத குஞ்சுக்கு உள்ளங்கையில் முட்டைத் தூளை வைத்து அலகுக்கு நேரே காட்டுங்கள். விரலால் தட்டில் டொக் டொக்கென்று தட்டுங்கள். தாய்க்கோழி கொத்திக் காட்டுகிற மாதிரி. ஒன்றிரண்டு பழகினால் மற்றவை பார்த்துச் சேரும்.

5. வான்கோழிக்குப் பச்சை நிறம் பிடிக்கும். பச்சைக் கோலிக்குண்டு இருந்தால் தீவனத் தட்டிலும் தண்ணீரிலும் போடுங்கள். கொத்த வரும், தீவனமும் வாயில் படும். விழுங்க முடியாத அளவு பெரிதாக இருக்கட்டும். தண்ணீரில் குஞ்சு மூழ்காமலும் அது காக்கும்.

6. இரவு படுக்கப் போகுமுன் குஞ்சின் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் நிம்மதி. காலியாக இருந்தால் காலில் நூல் கட்டி அடையாளம் வைத்து, உடனே ஊட்டுங்கள். காலையில் முதலில் அதைக் கவனியுங்கள். குஞ்சு வளர வளர நூலை அவிழ்த்துவிடுங்கள்.

கைப்பழக்கம் விடுவிப்பது

முதல் மூன்று நாள் பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை கூட இருங்கள். நாலாம் நாளிலிருந்து தட்டைத் தட்டினால் போதும், நோஞ்சானுக்கு மட்டும் கை. 12ஆம் நாளிலிருந்து முட்டையையும் பாலையும் படிப்படியாகக் குறைத்து, 15ஆம் நாளுக்குப் பின் நிறுத்துங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் மறுபடி பட்டினி கிடக்கும்.

தீவனத்தில் கவனம் வேண்டும். முதல் நாலு வாரம் வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதம் புரதம் தேவை. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. வான்கோழிக் குஞ்சுத் தீவனம் என்றே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து வேலிமசால், குதிரைமசால், கீரையைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கோழியோடு ஒரே இடத்தில் விடாதீர்கள். கோழிக்குப் பெரிதாகத் தெரியாத கருந்தலை நோய் வான்கோழியைக் கொன்றுவிடும். தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. குழுவாகப் போய்க் கேளுங்கள்.

கணக்குப் போடுவோம்

20 குஞ்சுக்கு ஒரு நாளைக்கு 2 முட்டை. 15 நாளைக்கு 30 முட்டை. அதாவது ஒரு குஞ்சுக்கு ஒன்றரை முட்டைதான் செலவு. ஒரு குஞ்சு செத்தால் என்ன நட்டம்? குஞ்சின் விலை, அதற்கான வட்டி, வளர்ந்தால் வரவேண்டிய பணம் எல்லாம் போச்சு. கடன் தவணை மட்டும் நிற்காது. "முட்டைய புள்ளைங்களுக்குக் குடுக்காம குஞ்சுக்கா?" என்று வீட்டில் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் செத்த குஞ்சுகள் எத்தனையாவது நாளில் செத்தன? நோட்டில் எழுதி வைத்தோமா?
* கரண்ட் போனால் சூட்டுக்கு என்ன ஏற்பாடு?
* முதல் வாரம் வேலைக்குப் போகும் உறுப்பினரின் குஞ்சைப் பகலில் யார் பார்ப்பது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் குஞ்சு வாங்க வேண்டாம்.