குறிவைக்கப்பட்டவர் ஒருவர், மடிந்தவர்கள் எத்தனை பேர்?



போர்ச் செய்திகளிலே ஒரு வாக்கியம் அடிக்கடி நம் கண்ணில் படுகின்றது. இன்ன இயக்கத்தின் தலைவர் கொல்லப்பட்டார் என்பதே அது. அதன் கீழே, சிறிய எழுத்தில், வேறு சிலரும் உயிரிழந்தனர் என்று மற்றொரு வாக்கியம் இருக்கும். முதல் வாக்கியத்திலே ஒருவரின் பெயர் உண்டு, பதவி உண்டு, வரலாறு உண்டு. இரண்டாவதிலே எண்ணிக்கை மட்டுமே உண்டு. இந்த வாரப் பாடத்தில் அந்த இரண்டாவது வாக்கியத்தை எடுத்துச் சிந்திப்போம்.

குறிவைத்த கொலை என்பது யாது?

ஓர் அரசு, தன் மக்களுக்கு ஆபத்து விளைவிப்பவர் என்று தான் கருதும் ஒருவரைப் பெயர் சொல்லித் தெரிந்தெடுத்து, நீதிமன்ற விசாரணையின்றி, திட்டமிட்டுக் கொல்வதையே குறிவைத்த கொலை என்கின்றனர். ஒருவரை ஒழித்தால் பலர் பிழைப்பர் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2002 மார்ச் 27ஆந் திகதி, பாஸ்காப் பண்டிகை இரவில், இஸ்ரேலின் நெத்தானியா நகர விடுதியொன்றில் விருந்துக்கு அமர்ந்திருந்தோர் நடுவே ஹமாஸ் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் குண்டை வெடிக்கச் செய்தார். 30 பேர் மாண்டனர். முதியோர் பலர். அத்தகைய தாக்குதல்களை ஏவுபவர்களைத் தடுக்கும் கடமை ஓர் அரசுக்கு இல்லையென்று யார் சொல்வார்? ஆகவே, தடுக்கலாமா என்பதல்ல நம் கேள்வி. எவ்வாறு தடுப்பது, யாருடைய உயிரை விலையாகக் கொடுத்துத் தடுப்பது என்பதே கேள்வி.

2002 யூலை 22: காஸா நகரம்

சலாஹ் ஷெஹாதே என்பவர் ஹமாஸ் இயக்கத்தின் ஆயுதப் பிரிவுக்குத் தலைவராயிருந்தார். பல தாக்குதல்களுக்கு அவரே பொறுப்பாளி என இஸ்ரேல் குற்றஞ்சாட்டியது. அவர் அருகே பொதுமக்கள் இருந்த காரணத்தால் முன்னர் சில தடவைகள் தாக்குதல் கைவிடப்பட்டதும் உண்டு. ஆனால் 2002 யூலை 22ஆந் திகதி நள்ளிரவை அண்மித்த வேளையில், காஸா நகரின் அல்-தராஜ் என்னும் நெருக்கமான குடியிருப்பில் அவர் தங்கியிருந்த வீட்டின் மேல், எப்-16 போர் விமானமொன்று ஒரு தொன் எடையுள்ள குண்டை வீசியது.

ஷெஹாதே இறந்தார். அவருடைய உதவியாளர், மனைவி, மகள் ஆகியோரும் இறந்தனர். அயல் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் இறந்தனர். மொத்தம் 15 பேர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளுமே. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

ஒன்பது நாட்கள் கழிந்தன. யூலை 31ஆந் திகதி, ஜெருசலேமிலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தின் உணவுச்சாலையில் குண்டு வெடித்தது. 9 பேர் உயிரிழந்தனர். ஷெஹாதேயின் கொலைக்கு இது பழி என ஹமாஸ் கூறியது. உணவுச்சாலையில் இருந்தவர்களுக்கும் அல்-தராஜில் விழுந்த குண்டுக்கும் என்ன தொடர்பு? அல்-தராஜிலே உறங்கிய பிள்ளைகளுக்கும் நெத்தானியா விடுதிக்கும் என்ன தொடர்பு இருந்ததோ, அதே தொடர்புதான்.

ஒரு பதவியின் கதை

தலைவரை வீழ்த்தினால் இயக்கம் வீழும் என்பது ஓர் எதிர்பார்ப்பு. நடந்தது என்ன? ஷெஹாதேயின் இடத்துக்கு முகம்மது தெய்ப் வந்தார். அவரைக் கொல்லவும் பல முயற்சிகள் நடந்தன. 2014 ஓகஸ்ட் மாதத்தில் நடந்த ஒரு முயற்சியில் அவர் தப்பினார், அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் மாண்டனர். 2023 ஒக்டோபர் 7ஆந் திகதி, அவர் தலைமை தாங்கிய படை இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டனர். 2024 யூலை 13ஆந் திகதி, தெற்குக் காஸாவில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த அல்-மவாசிப் பகுதியிலே இஸ்ரேல் அவரைக் குறிவைத்துக் குண்டுகளை வீசியது. அத்தாக்குதலில் குறைந்தது 90 பேர் இறந்ததாகக் காஸாவின் சுகாதார அமைச்சு தெரிவித்தது. அவர் இறந்ததை 2025 ஜனவரியில் ஹமாஸும் உறுதிப்படுத்தியது.

லெபனானிலும் இதுபோன்றதே நடந்தது. 1992 பெப்ரவரி 16ஆந் திகதி ஹிஸ்புல்லா இயக்கத் தலைவர் அப்பாஸ் மூசாவி, மனைவியோடும் சிறு மகனோடும் பயணஞ் செய்கையில், ஹெலிகொப்டரிலிருந்து ஏவப்பட்ட குண்டுகளுக்கு மூவரும் இரையாயினர். அடுத்து வந்தவர் ஹசன் நஸ்ரல்லா. 2024 செப்டெம்பர் 27ஆந் திகதி தாமும் கொல்லப்படும்வரை அவர் 32 ஆண்டுகள் அந்த இயக்கத்தை நடத்தி, முன்னிருந்ததைவிட எத்தனையோ மடங்கு வலிமையுள்ளதாக்கினார்.

இத்தகைய தாக்குதல்களால் பயனேயில்லை என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. அனுபவமுள்ள ஒருவரை இழந்த இயக்கம் சில காலம் தடுமாறுவதுண்டு. 2005ஆம் ஆண்டளவில் இஸ்ரேலில் தற்கொலைத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வாதிடுவோர் உளர். கைதுகள், எல்லைச் சுவர், போர்நிறுத்தம் ஆகியவையே காரணமென வேறு சிலர் கூறுவர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு: பயன் ஐயத்துக்குரியது, அயல் வீட்டுப் பிள்ளையின் மரணமோ ஐயத்துக்கு இடமற்றது.

திருச்சபையின் போதனை

கொலையை விலக்கும் ஐந்தாம் கற்பனையை நாம் சிறுவயதிலேயே மனனஞ் செய்தோம். அக்கற்பனை, தாக்கப்படுபவர் தம்மைக் காத்துக்கொள்வதைத் தடை செய்யவில்லை. பிறரின் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அவர்களைப் பாதுகாப்பது பாரதூரமான கடமையென்றும் திருச்சபை கற்பிக்கின்றது. ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை விளக்கினார். தற்காப்புக்காகச் செய்யும் செயலும், தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பிரயோகித்தால் தகாத செயலாகிவிடும் என்பது அவர் போதனை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே இன்றைய உலகில் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில், நகரங்களையும் அவற்றில் வாழும் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச் செயல், இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென்று கண்டித்தது. ஒரு தெருவை ஒரு நகரத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். அளவு வேறு, உண்மைதான். ஆனால் ஒருவர் மீதுள்ள குற்றத்துக்காக அவருக்கு அருகே உறங்குபவரைக் கணக்கில் எடாமல் விடும் மனப்பான்மை இரண்டிலும் ஒன்றே.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நாங்கள் அந்தப் பிள்ளைகளைக் கொல்ல எண்ணவில்லை என்று கட்டளையிட்டவர்கள் சொல்லலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். எண்ணிக் கொல்வதும் எண்ணாமல் மரணம் நேர்வதும் ஒன்றல்ல என்பதைத் திருச்சபையும் ஏற்கின்றது. ஆயினும் நெருக்கமான குடியிருப்பில், எல்லோரும் உறங்கும் வேளையில், ஒரு தொன் குண்டைப் போட்டால் என்ன நிகழுமென்று முன்கூட்டியே அறியலாம். அறியக்கூடியதை அறியாமல் விடுவதும், அறிந்தும் துணிவதும் மனச்சாட்சிக்கு முன் பொறுப்பாகவே நிற்கும்.

நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள்

இவ்விடயம் இஸ்ரேலின் உயர் நீதிமன்றத்துக்கே சென்றது. 2002ஆம் ஆண்டிலே இஸ்ரேலிய, பலஸ்தீன மனித உரிமை அமைப்புகள் இரண்டு தொடுத்த வழக்கில், 2006 டிசெம்பரில் நீதியரசர் அஹரோன் பராக் முதலானோர் தீர்ப்பளித்தனர். 2005ஆம் ஆண்டு முடிவுவரை இத்தகைய தாக்குதல்களில் இயக்கத்தவர் ஏறக்குறைய 300 பேரும், அருகிலிருந்த பொதுமக்கள் ஏறக்குறைய 150 பேரும் கொல்லப்பட்டதாக அத்தீர்ப்பிலே குறிக்கப்பட்டுள்ளது. இருவருக்கு ஒருவர் என்ற கணக்கு இது.

இச்செயல் எப்போதும் சட்டத்துக்கு மாறானது என்றோ, எப்போதும் சட்டப்படியானது என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை. நான்கு நிபந்தனைகளை வகுத்தது. முதலாவது, குறிவைக்கப்படுபவர் போரில் நேரடியாக ஈடுபடுபவர் என்பதற்கு உறுதியான தகவல் வேண்டும். இரண்டாவது, கைது செய்து விசாரிப்பது போன்ற குறைந்த தீங்குள்ள வழி கைகூடுமானால் கொல்லலாகாது. மூன்றாவது, தாக்குதலின் பின் பக்கச்சார்பற்ற முழுமையான விசாரணை நடக்க வேண்டும். நான்காவது, பொதுமக்களுக்கு நேரும் தீங்கு, கிடைக்கும் இராணுவப் பயனுக்கு மிஞ்சியதாய் இருக்கலாகாது.

ஷெஹாதே விடயத்தை ஆராய 2008இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 2011 பெப்ரவரியில் அறிக்கை தந்தது. அவரைக் குறிவைத்தது நியாயமே, ஆனால் பொதுமக்களுக்கு நேர்ந்த தீங்கு அளவுக்கு மிஞ்சியது, அதற்குக் காரணம் தவறான தகவலும் தவறான மதிப்பீடுமே என்றது. எவர் மீதும் குற்றவழக்குத் தொடர அது சிபார்சு செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் மண்ணுக்குள் போய் எட்டரை ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை இது.

வேறு வழி இருந்ததா?

2003 செப்டெம்பர் 6ஆந் திகதி, ஹமாஸ் தலைவர்கள் பலர் காஸாவில் ஒரே வீட்டிற் கூடியிருந்தனர். அல்-தராஜில் நடந்ததை மனதிற் கொண்டு, இம்முறை சிறிய குண்டே வீசப்பட்டது. தலைவர்கள் தப்பினர். இது தோல்வியென்று பலர் குறைகூறினர். ஆனால் பெரிய குண்டு வீசப்பட்டிருந்தால் அயல் வீடுகளில் எத்தனை பேர் இறந்திருப்பர்? அன்று உயிர் தப்பிய அயலவர்களை எவரும் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே மாதத்தில் இஸ்ரேலிய விமானப்படை விமானிகள் 27 பேர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டனர். மக்கள் வாழும் இடங்களின் மேல் இவ்வாறான தாக்குதல்களில் தாம் பங்குகொள்ளப் போவதில்லையென அறிவித்தனர். தம் நாட்டைப் பகைத்தவர்களல்லர் அவர்கள். அந்நாட்டுக்காகவே பறந்தவர்கள். கட்டளை மேலிருந்து வந்தாலும் விசையை அழுத்துவது தம் விரலே என்பதை உணர்ந்தவர்கள். பலர் அவர்களைத் துரோகிகள் என்றனர், பணியிலிருந்தும் சிலர் நீக்கப்பட்டனர்.

நமக்குரிய பாடம்

நாம் குண்டு வீசுபவர்களல்லர், கட்டளையிடுபவர்களுமல்லர். ஆயினும் செய்தியைக் கேட்பவர்கள். நமக்கு விருப்பமில்லாத தரப்பின் தலைவர் மாண்டாரென்று கேட்கும்போது உள்ளத்திலே எழும் மகிழ்ச்சி, உடன் மாண்டவர்களை மறக்கச் செய்கின்றது. நமக்கு விருப்பமான தரப்பு பேருந்திலோ உணவுச்சாலையிலோ குண்டு வைக்கும்போது, அதற்கும் ஒரு நியாயம் தேடச் செய்கின்றது. இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரைத் தரப்பு பார்த்து எண்ணுகின்ற நோய் அது. பகைவரையும் நேசிக்கும்படி பணித்த ஆண்டவர், பகைவரின் பிள்ளையை மறந்துவிடும் உரிமையை நமக்குத் தரவில்லை.

ஆகவே, பெற்றோரே, இத்தகைய செய்தி வீட்டில் வாசிக்கப்படும்போது முதல் வாக்கியத்தோடு நிறுத்தாமல் இரண்டாவதையும் உரத்து வாசியுங்கள். மாலைச் செபத்தில் இரு தரப்பிலும் மாண்டோரை ஒன்றாக நினைவுகூருங்கள். பெயர் அறியாதவர்களுக்காகவும் செபிக்கலாம். அவர்கள் பெயரை ஆண்டவர் அறிவார்.

குடும்பத்தில் கலந்துரையாட:

1. தற்காப்புக்கும் பழிவாங்குதலுக்கும் உள்ள வேறுபாடு யாது? அல்-தராஜ், எபிரேயப் பல்கலைக்கழகம் ஆகிய இரு நிகழ்ச்சிகளையும் கொண்டு விளக்குங்கள்.

2. நீதிமன்றம் விதித்த நான்கு நிபந்தனைகளில் எதனை நிறைவேற்றுவது மிகக் கடினம்? ஏன்?

3. தவறென மனச்சாட்சி சொல்லும் கட்டளை வேலைத்தலத்திலோ வேறெங்கோ நமக்குக் கிடைத்தால், அந்த விமானிகள் கொடுத்த விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமா?