நம்பிக்கைகளும் உண்மைகளும்: தூங்குகிறவருக்கு எது எட்டும்?

பசுவந்தனையைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தூக்கம் வாய்ப்பதில்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறவர் விட்டு விட்டுத் தூங்குகிறார். கோவில்பட்டி மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர் வெயில் ஏறிய பிறகு படுக்கிறார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு வேன் ஏறுகிறார்கள். தூக்கம் இப்படிக் கெட்டுக் கிடக்கிற இடத்தில் அதைப் பற்றிய நம்பிக்கைகளும் மண்டிக் கிடக்கின்றன. சிலவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. வடக்கே தலை வைத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தை இழுக்கும் என்பார்கள். பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்து எழுந்து வருகிறவர்களின் ரத்தம் எங்கும் இழுபடுவதில்லை. வேறு சில நம்பிக்கைகளோ உயிரோடு விளையாடுபவை. அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம்.

“புளியமரத்தடில படுக்காத, அமுக்கிரும்”

அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கண் திறந்திருக்கிறது, கூரை தெரிகிறது, கை கால் அசையவில்லை, கத்தினால் சத்தம் வரவில்லை, யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள். மருத்துவம் இதைத் தூக்க முடக்கம் என்கிறது. பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது.

கனவு காணும் கட்டத்தில் மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் உத்தரவு, காபா, கிளைசின் என்ற வேதிப்பொருள்கள் வழியாகத் தண்டுவட நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடாமலிருக்க இந்த ஏற்பாடு. உதரவிதானம் மட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் துவண்டிருக்கும். உடல் விடுபடுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால், பயத்தில் மூச்சை ஆழமாக இழுக்கப் பார்க்கிறோம். நெஞ்சு விரியவில்லை. அதுதான் அந்தப் பாரம். கனவின் காட்சிகளோ இன்னும் அடங்கவில்லை. அதுதான் பக்கத்தில் நிற்கும் ஆள்.

பேய் இல்லை என்று சொல்லும் படித்தவர்கள் இங்கே இன்னொரு தவறான விளக்கத்தைத் தருகிறார்கள்: ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும், அதுதான் மூச்சை அடைக்கும் என்று. இது பள்ளிக்கூடத்திலும் மேடையிலும் பல காலமாகச் சொல்லப்படுவதால் அறிவியல் போலத் தோன்றுகிறது. மரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் காற்றில் அந்த வாயு இருப்பது சுமார் 0.04 சதவீதம், மூச்சுத் திணற வேண்டுமென்றால் அது சில சதவீதமாக ஏற வேண்டும். கரிசல் காட்டுத் திறந்த வெளியில் ஒற்றைப் புளியமரத்தால் அது நடக்காது. கதவு ஜன்னல் அடைத்த அறையில் நாலு பேர் படுத்தால் சேரும் வாயு அதைவிட அதிகம். அமுக்குவானை வரவழைப்பவை வேறு: தூக்கக் குறைவு, நேரங்கெட்ட தூக்கம், மல்லாந்து படுப்பது. காவலுக்குப் போய் மரத்தடியில் மல்லாந்து கண்ணயர்கிறவருக்கு மூன்றும் ஒன்றாக வாய்க்கின்றன. பழியை மரம் சுமக்கிறது.

“தூங்கினா மூளை நின்னுரும்”

மூளையின் நடு ஆழத்தில், இடமும் வலமுமாக முட்டை வடிவில் இரண்டு திரட்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தலாமஸ் என்று படித்திருப்போம். கண்டது, கேட்டது, தொட்டது எல்லாம் இதன் வழியாகத்தான் மூளையின் மேற்புறணிக்குப் போகின்றன. கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படி. தூக்கத்தில் இந்த மடையை இறக்குவது மூளை தானே செய்யும் வேலை. ஓய்ந்து போவதால் நடப்பதல்ல.

விழித்திருக்கும்போது தலாமஸ் அணுக்கள் வந்த செய்தியை வந்தபடியே சீராகக் கடத்துகின்றன. மூளைத்தண்டிலிருந்து வரும் அசிடைல்கோலின், நார் அட்ரினலின் போன்றவை அவற்றைத் தயார் நிலையில் வைத்திருக்கின்றன. தூக்கம் வரவர அந்த வரத்து குறைகிறது. அப்போது தலாமஸைப் போர்த்தியிருக்கும் வலையுருக் கரு என்ற மெல்லிய உறை காபாவைச் சுரக்கிறது. காபா, அணுவின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டியதும் உள்ளே மின்னழுத்தம் இறங்குகிறது. இறங்கினால் அணு அடங்கிவிட வேண்டுமல்லவா? அடங்குவதில்லை. அழுத்தம் இறங்கினால் மட்டுமே தயாராகும் டி வகைக் கால்சியம் வாய்க்கால்கள் அதில் இருக்கின்றன. பிடி தளர்ந்ததும் அவை திறந்து, அணு சடசடவென்று ஒரு கொத்தாக வெடிக்கிறது. அந்த வெடிப்பு வலையுருக் கருவை மறுபடி தூண்டுகிறது. அது மறுபடி காபாவைச் சுரக்கிறது. நொடிக்கு 11 முதல் 16 தடவை நடக்கும் இந்த வட்டம் தலையில் மின்முனை வைத்து எடுக்கும் இ.இ.ஜி. படத்தில் அரை நொடி, ஒரு நொடி நீளத்துக்கு, நடுவில் தடித்து இருமுனையும் சிறுத்த அலையாகத் தெரியும். இதைத் தூக்கக் கதிர் எனலாம். இது தலாமஸில் பிறக்கிறது என்பதை 1945-இல் மாரிசனும் பாசெட்டும் மேற்புறணியை நீக்கிய விலங்குகளில் கண்டார்கள். 1980களில் கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் மிர்ச்சியா ஸ்டெரியாடே அதன் ஊற்று வலையுருக் கரு என்று காட்டினார்.

கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலும் சிலர் தூங்குவார்கள், சிலருக்கு வாசல் கதவு கிறீச்சிட்டால் போதும். இந்த வித்தியாசத்தில் கதிர் அலைக்குப் பங்குண்டு: அதிகக் கதிர் அலை உள்ளவர்கள் சத்தத்தில் எளிதில் விழிப்பதில்லை என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் மடை முழுக்க அடைபடுவதில்லை. தூங்குகிறவர் காதில் பல பெயர்களைச் சொல்லி, தன் பெயருக்கு மட்டும் மூளை தனியாகப் பதில் சொல்வதை 1960-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். எலிகளிலும் மார்மோசெட் குரங்குகளிலும் சத்தம் தூக்கத்திலும் மேற்புறணி வரை வந்து சேர்வதைப் பிறகு கண்டார்கள். ஆகவே, சத்தம் பழகிவிட்டது என்பதால் அது உடம்பைத் தொடவில்லை என்று பொருளில்லை. விழிக்காதவரின் இதயத்துடிப்பும் ஒலிக்கு எகிறுகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

“தீப்பிடிச்சா வாடைக்கே முழிப்பு வந்துரும்”

இதை நம்பித்தான் பலர் தீப்பெட்டிச் சரக்கும் வைக்கோல் படப்பும் பக்கத்தில் இருக்க நிம்மதியாகப் படுக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை வாடை எழுப்பாது.

பார்வையும் ஒலியும் தொடு உணர்வும் முதலில் தலாமஸுக்குப் போகின்றன. வாசனை மட்டும் மூக்கிலிருந்து நேராக மேற்புறணியின் முகர்வுப் பகுதிக்குப் போகிறது. தூக்கத்தில் வாசனை எழுப்பாததற்கு இது மட்டுமே காரணமா என்று விவாதம் நடக்கிறது, விளைவில் சந்தேகமில்லை. 2004-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கேடனும் ரேச்சல் ஹெர்ஸும் வெளியிட்ட ஆய்வில், தூங்குகிறவர்களுக்குப் பெப்பர்மின்ட் மணத்தையும் பிரிடின் என்ற குமட்டும் நாற்றத்தையும் காட்டினார்கள். கண்ணயரும் முதல் கட்டத்தில் விழித்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அந்த நாற்றத்துக்குக்கூட அசையவில்லை. அதே ஆட்களை ஒரு சாதாரண ஒலி எழுப்பிவிட்டது.

மிளகாய் வற்றல் கருகினால் இருமிக்கொண்டு எழுகிறோமே என்று கேட்கலாம். அது வாசனை நரம்பின் வேலையல்ல; மூக்கிலும் கண்ணிலும் எரிச்சலை உணரும் முக்கிளை நரம்பு தலாமஸ் வழியாகவே செய்தி சொல்கிறது. ஜப்பானில் காது கேளாதவர்களுக்காக வசாபிக் கிழங்கின் காரத்தைத் தெளிக்கும் தீ எச்சரிக்கைக் கருவியை இதை வைத்துத்தான் செய்தார்கள். 2011-இல் இக்நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆனால் தீயில் ஆளை முதலில் மயக்குவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடையும் இல்லை, எரிச்சலும் இல்லை. சரக்கு இருக்கும் இடத்தில் படுக்காமலிருப்பது முதல் பாதுகாப்பு. முடியாதென்றால், பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று கூரையில் இருக்கட்டும். காது கேட்கும், மூக்கு கேட்காது.

“மாத்திரையோ குவார்ட்டரோ, தூக்கம் தூக்கம்தானே”

அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற மாத்திரைகள் மேலே சொன்ன அதே காபா ஏற்பியில் போய் உட்காருகின்றன. காபா ஒட்டும்போது ஏற்பியின் வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. கதிர் அலைகள் கூடுகின்றன. தூக்கமும் சீக்கிரம் வருகிறது. கூடவே ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான பெரிய அலைகள் குறைகின்றன. மாதக்கணக்கில் போட்டால் ஏற்பி பழகிப்போகும். திடீரென நிறுத்தினால் தூக்கமே வராது, வலிப்பும் வரலாம். வயதானவர்கள் ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இன்னொரு பக்கம். இவை எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய சீட்டை நீட்டி வாங்கிவருவது உதவி செய்வதாகாது.

சாராயமும் இந்த ஏற்பியைத் தொடுகிறது. முதல் பாதி ராத்திரி அடித்துப் போட்டாற்போல் இருக்கும், இரண்டாம் பாதி உடைந்து உடைந்து போகும். மாத்திரையும் குடியும் சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். தூக்கம் வருகிறது என்று சளி மாத்திரையைத் தினம் போடும் பழக்கமும் உண்டு. அது விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹிஸ்டமின் ஏற்பியை அடைத்துப் போடுகிறது. முதியவர்களுக்குப் புத்தி குழம்பும். டீ இதற்கு நேர் எதிர்த் திசை: நாள் முழுக்கச் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினின் இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி உடம்பில் இருக்கும்.

“பையன் பராக்குப் பாக்கான், ரெண்டு வைங்க சார்”

தூக்கக் கதிரை எழுப்பும் தலாமஸின் அதே வட்டம் தடம் மாறினால், விழித்திருக்கும் பிள்ளையின் மூளையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூரிய அலைகள் எழும். பிள்ளை பாதிப் பேச்சில் நிற்கும், சில நொடி வெறித்துப் பார்க்கும், இமை துடிக்கும், ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். நாளுக்குப் பல தடவை வரும். இது ஒருவகை வலிப்பு. பராக்குப் பார்க்கும் பிள்ளையைக் கூப்பிட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை அந்த நொடிகளில் திரும்பாது. இ.இ.ஜி. எடுக்கும்போது வேகமாக மூச்சு விடச் சொன்னாலே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். டி வகை வாய்க்காலை அடக்கும் எத்தோசக்சிமைடு இதற்கு நல்ல மருந்து. அடி வாங்குவதற்கு அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை.

“ராத்திரி முழிச்சதைப் பகல்ல தூங்கிக் கட்டிரலாம்”

முழுக்கக் கட்ட முடியாது. நேரத்தை நடத்தும் கடிகாரம் தலாமஸில் இல்லை. அதற்குக் கீழே ஹைப்போதலாமஸில் சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு புள்ளி. அது வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்தத் துறையில் நம் பக்கத்துப் பங்கு பெரிது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் முதலில் குகை வௌவால்களைக் கவனித்தார்கள். இருட்டுக் குகையில் அடைத்து வைத்த வௌவால், வெளியே போய்வரும் கூட்டத்தின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொள்வதை 1981-இல் எழுதினார்கள். பிறகு மனிதர்களைச் சூரியனும் கடிகாரமும் இல்லாத தனியறையில் பல நாள் இருக்க வைத்துப் பார்த்தார்கள். தூங்குவதும் விழிப்பதும் தாமாகவே தொடர்ந்தன, ஆனால் 24 மணி நேரத்தை விட்டு விலகின. சிலருக்குத் தூக்கத்தின் தாளமும் உடலின் மற்ற தாளங்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன.

நைட் ஷிப்ட் முடித்து, காலை வெயில் முகத்தில் அடிக்கப் பஸ்ஸில் வருகிறவருக்கு அந்தக் கடிகாரம் “விடிந்துவிட்டது” என்கிறது. அதனால்தான் பகல் தூக்கம் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் வரை குறைந்துபோகிறது. வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனத்த துணி, அந்த நேரத்தில் மிக்சி ஓட்டாத வீட்டார் எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் மீட்கலாம். ஷிப்டை வாரந்தோறும் முன்னும் பின்னும் மாற்றாமல் இருக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதும் நியாயமே.

“அசதி, தூங்கட்டும், எழுப்பாத”

சிலருக்கு இரு பக்கத் தலாமஸின் நடுவோரப் பகுதிகளுக்கும் ஒரே ஒரு சிறு தமனிதான் ரத்தம் கொண்டுபோகிறது. 1970களில் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பெர்ஷெரோனின் பெயரால் அழைக்கப்படும் அந்தத் தமனி அடைபட்டால், வாய் கோணாது, கை கால் விழாமலும் இருக்கலாம். ஆள் தூங்கிப்போவார், அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டுப் படுத்த தாத்தா சாயங்காலம் உலுக்கினாலும் சரியாக விழிப்பதில்லை. விழித்தாலும் குழறுகிறார், கண்ணை மேலே தூக்க முடியவில்லை, மறுபடி தூங்கிவிடுகிறார். வீட்டில் அசதி என்கிறார்கள். அது பக்கவாதம். முதலில் எடுக்கும் சி.டி. படத்தில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

அரிதுதான். ஆனால் எழுப்பினால் எழாத தூக்கத்துக்கு மற்றக் காரணங்களும், சர்க்கரை மாத்திரை போட்டு ரத்தச் சர்க்கரை இறங்கிப்போவது உட்பட, அவசரமானவையே. வாயில் காப்பியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. அவர் கடைசியாக நன்றாகப் பேசிய நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதும் அதைத்தான். யார் அவரிடம் கடைசியாகப் பேசினார்கள், எத்தனை மணிக்கு என்று வீட்டில் விசாரித்து ஒரு தாளில் எழுதி, ஆம்புலன்ஸில் ஏறுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.