நாட்டுப்புறக் காதற் பாட்டும் இசைத்தொகுப்பும்

தமிழில் அகப்பாட்டு என்பது புலவர் நாவில் மட்டும் பிறந்ததன்று. வரப்பிலும் வண்டித் தடத்திலும் கமலைக் கிணற்று மேட்டிலும் பிறந்த காதற் பாட்டுக்களும் அதற்கு உடன்பிறப்பேயாம். அவற்றை நாட்டுப்புறப் பாடகர்கள் தேர்ந்தெடுத்துப் பாடி இசைத்தொகுப்புக்களாக வெளியிட்டுள்ளனர். முன்னர் ஒலிநாடாவாகவும், பின்னர்க் குறுந்தகடாகவும், இன்று கைப்பேசி வாயிலாகவும் அவை ஊர்தோறும் ஒலிக்கின்றன. வயலிற் பிறந்த காதற் பாட்டு இசைத்தொகுப்பில் ஏறுங்கால் அது பெறுவது யாது, இழப்பது யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். விருதுநகரை அடுத்த மல்லாங்கிணற்றையும் அதனைச் சூழ்ந்த கரிசற் சீமையையும் இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கொள்கின்றோம்.

பழைய நூல்களிற் காதற் பாட்டு

மக்களிடையே வழங்கிய எளிய இசைப் பாட்டினைத் தொல்காப்பியர் பண்ணத்தி என்னும் பெயரால் சுட்டினார் என்று அறிஞர் கொள்வர். இளங்கோவடிகளோ அத்தகைய பாட்டின் வகைகளைத் தம் காப்பியத்துள்ளேயே அமைத்துக்கொண்டார். வள்ளைப் பாட்டும், ஊசல் வரியும், அம்மானை வரியும் சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றிருத்தலை நாம் அறிவோம்.

அக்காப்பியத்துக் கானல் வரி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் துணைபுரிவது. கடற்கரையிலே கோவலன் யாழிசைத்துக் காதற் பாட்டுப் பாடுகின்றான். அப்பாட்டிற் பேசுகின்ற ஆடவன் வேறு, பாடுகின்ற கோவலன் வேறு. மாதவியோ இருவரையும் ஒருவராகக் கருதி, அவன் நெஞ்சம் வேறொருத்திபாற் சென்றதென்று ஊடுகின்றாள். அவளும் அவ்வாறே ஒரு பாட்டுப் பாட, அவனும் அவ்வாறே ஐயுறுகின்றான். பாட்டிலுள்ள ‘நான்’ என்பதைப் பாடுவோரின் ‘நான்’ என்று கொண்டமையால் ஓர் இல்லறமும், ஒரு கலைச்செல்வியின் வாழ்வும் குலைந்தன.

இப்பிழை நேராவண்ணம் காப்பது போலவே அகத்திணை மரபு ஒரு வரம்பு வகுத்துள்ளது. அகப் பாட்டிற் காதலர் இயற்பெயர் சுட்டி உரைக்கப்படார் என்பதே அது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப் பெயர்களே ஆங்கு வழங்கும். நாட்டுப்புறக் காதற் பாட்டும் இவ்விதியை ஏட்டிற் கல்லாமலே போற்றி வருகின்றது. மச்சான், மாமன் மகன், அத்தை மகள் என்னும் முறைப்பெயர்களே அதன் தலைமக்கள். ஆதலின் அஃது எவருடைய காதலும் அன்று. அதனாலேயே எல்லாருடைய காதலும் ஆகின்றது.

கரிசற் சீமையின் பாட்டு

மல்லாங்கிணற்றைச் சூழ்ந்த நிலம் மழையை நம்பி வாழும் கருமண் நிலம். பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் மிளகாயும் அங்கே விளையும் பொருள்கள். களையெடுத்தல், பருத்தியெடுத்தல் முதலியன பெண்கள் நிரையாக நின்று செய்யும் வேலைகள். நிரையில் ஒருத்தி ஓரடி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை வாங்கிப் பாடுவர். பாட்டின் தாளம் கையின் தாளத்தோடு இசைந்து செல்லும். வேலை முடியுமளவும் பாட்டும் முடியாது. வேண்டுமளவு அடிகள் சேர்ந்துகொண்டே போகும்.

இப்பாட்டுக்களின் அமைப்பும் கருதத்தக்கது. முன்னிரண்டு அடிகள் கண்முன் உள்ள ஒரு பொருளைச் சொல்லும். பின்னிரண்டு அடிகள் நெஞ்சிலுள்ளதைச் சொல்லும். காய்ந்த கண்மாயைச் சொன்னவள் அடுத்து வராத மச்சானைச் சொல்வாள். இரண்டற்கும் உள்ள தொடர்பை அவள் விளக்குவதில்லை; கேட்போரே உணர்ந்துகொள்வர். சங்கச் சான்றோர் உள்ளுறை என்று போற்றிய நெறி இதற்கு அயலானதன்று.

நிரையிற் பாடுதலால் விளையும் நன்மை ஒன்றுண்டு. ஒரு பெண் தனித்து நின்று காதலைப் பாடினால், ஊரார் மாதவியைப் போலவே ஐயுறுவர். பலர் சேர்ந்து பாடுங்கால் பாட்டு எவளுடையது என்று கேட்பாரில்லை. வாய்விட்டுச் சொல்லலாகாத ஒன்றை, பழிக்கு அஞ்சாது சொல்லுதற்கு நம் பாட்டிமார் கண்ட வழி இதுவென்க.

பாட்டு ஏட்டில் ஏறியது

இச்செல்வத்தைத் திரட்ட முற்பட்டவருள் அயல்நாட்டாரும் உளர். சார்லஸ் கோவர் என்பார் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலை 1871-ஆம் ஆண்டு வெளியிட்டார். பெர்சி மாக்வின் என்னும் ஆங்கில அரசு அலுவலர் திரட்டிவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் 1958-இல் ‘மலையருவி’ என்னும் பெயரால் பதிப்பித்தார்கள். பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் 1964-இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுதியிலே பாட்டின்கீழ்த் திரட்டியவர் பெயரும் இடமும் குறிக்கப்பட்டிருத்தல் சிறப்பாகும். விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசற் பாட்டுக்களை எஸ். எஸ். போத்தையா என்னும் அன்பர் திரட்டினார் என்பதை அக்குறிப்பினாலேயே நாம் இன்றும் அறிகின்றோம்.

பாட்டு ஒலிநாடாவில் ஏறியது

ஏடு சொல்லைக் காத்தது, குரலைக் காக்கவில்லை. அக்குறையை நிறைத்தோர் பாடகர்களே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மையார், தம் கணவர் நவநீதகிருஷ்ணன் அவர்களோடு ஊர்தோறும் சென்று பாட்டுக்களைத் திரட்டியும், அவற்றை மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடியும் பரப்பினார். 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அவ்வாறே புஷ்பவனம் குப்புசாமி அவர்களும் அனிதா குப்புசாமி அம்மையாரும் இணைந்து பாடிய தொகுப்புக்கள் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் கேட்கப்படுகின்றன.

இவ்விரு இணையரும் கணவன் மனைவியராதல் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. வயலில் நிரை அளித்த காப்பு ஒலிநாடாவில் இல்லை. அங்கே குரல் ஒன்று; மேலுறையிற் பெயரும் படமும் உள. பாட்டின் ‘நான்’ மீண்டும் பாடுவோரின் ‘நான்’ ஆகிவிடுகின்றது. ஆகவே ஆணும் பெண்ணும் மாறிமாறி வழக்காடும் காதற் பாட்டை, மணம் புரிந்த இருவர் பாடும்போதே ஊரார் மனத்தடையின்றிக் கேட்கின்றனர் என்பது நம் கருத்து.

அஃதன்றித் தனித்து நின்று பெயர் பெற்ற பெண்டிரும் உளர். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மையார் வானொலியிற் பாடிப் புகழெய்தி, 1985-இல் ‘ஆண்பாவம்’ என்னும் திரைப்படத்தில் நடிக்கவும் பாடவும் செய்தார். 2025-இல் முதிர்ந்த வயதிற் காலமானார். நிரையிற் பெயரின்றி நின்றிருக்கக்கூடிய ஒரு குரல் தன் பெயரோடு நாடறிய ஒலித்தது ஒலிப்பதிவின் பயனேயாம். இஃது இசைத்தொகுப்பு நமக்களித்த பெரும்பேறு.

இழந்தவை

எனினும் இழந்தவையும் உள. முதலாவது, நீளம். உழைக்கும் நேரத்துக்கேற்ப நீண்ட பாட்டுச் சில நிமிட அளவிற்குள் அடங்கவேண்டியதாயிற்று. இரண்டாவது, தாளம். கையின் வேலை நின்றபின் கருவியின் ஓசை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. மூன்றாவது, சுவை. தொகுப்புக்களில் விளையாட்டும் கேலியும் மிகுந்த பாட்டுக்களே பெரிதும் விரும்பப்படுகின்றன. காதலுக்காக உயிர் கொடுத்தோரின் கதைப்பாடல்கள் அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

இம்மூன்றாவது இழப்பே பெரிதென்போம். முத்துப்பட்டன் கதையில் அந்தணன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா என்போரை விரும்பி, அவர்தம் தந்தையின் தொழிலையே தானும் மேற்கொண்டு, ஆநிரை காக்கும் போரில் உயிர் துறக்கின்றான். மதுரைவீரன் கதையும் காத்தவராயன் கதையும் குல வேற்றுமையைக் கடந்த காதலையும் அதற்கு நேர்ந்த முடிவையுமே பாடுகின்றன. நம் முன்னோர் இக்காதலரைத் தெய்வமாக்கி வழிபட்டனர். ஆயின் தம் தெருவில் அத்தகைய காதல் தோன்றின் அதனைப் பொறுத்தாரல்லர். இன்றும் சாதியை மீறி மணந்தோர் கொலையுண்ணும் செய்தியை நாளிதழ்களிற் காண்கின்றோம். கேலிப் பாட்டை மட்டும் கேட்டு வளரும் இளைஞர், நாட்டுப்புறக் காதல் என்பது வெறும் குறும்பு என்று எண்ணிவிடக்கூடும். அதன் மறுபாதி இரத்தத்தால் எழுதப்பட்டது என்பதையும் அவர்கள் கேட்டறிதல் வேண்டும்.

திருமறையின் சான்று

கிறிஸ்தவ மாணவராகிய நம்மிற் சிலர், இத்தகைய பாட்டுக்கள் நம் ஆராய்ச்சிக்குத் தக்கவையோ என்று ஐயுறக்கூடும். அவர்கட்கு உன்னதப்பாட்டே விடை. அதன் தலைவி அரண்மனையில் அடைபட்ட மங்கையல்லள், வெயிலிற் கறுத்தவள், உடன்பிறந்தார் சினத்தால் திராட்சத் தோட்டம் காக்க வைக்கப்பட்டவள். தன் காதலன் மந்தையை மேய்க்கும் இடத்தைத் தேடுகின்றாள். அவளைக் கரிசற்காட்டிற் களையெடுக்கும் பெண்ணின் அருகில் நிறுத்தினால், இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறிந்துகொள்வர். அப்பாட்டைத் திருமறையினின்றும் நீக்காது போற்றிய திருச்சபை, நம் ஊர்ப் பாட்டைக் கேட்கவும் நமக்கு இடமளித்ததேயாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியபோது, மக்கள் விரும்பிய காதற் குறவஞ்சி வடிவத்தையே இறையன்புக்கு ஏற்ற கலமாகக் கொண்டார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

இன்று மல்லாங்கிணற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிற் கமலை இறைப்பாரில்லை. அச்சீமைப் பெண்கள் பலர் விடியற்காலையில் ஊர்தியேறித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். நிரை கலைந்தது; ஆதலின் நிரையின் பாட்டும் முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. அவ்வட்டாரப் பேச்சின் வன்மை குன்றிவிடவில்லை என்பதற்கு, மல்லாங்கிணற்றிற் பிறந்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் அவர்களின் ‘எஞ்சோட்டுப் பெண்’ சான்றாகும். இடைசெவல் கி. ராஜநாராயணன் அவர்கள் கரிசல் வட்டாரத்துக்கென ஒரு சொல்லகராதியே தந்துள்ளார்கள். சொல்லுக்கு ஆற்றிய அப்பணியைப் பாட்டுக்கு ஆற்றுவோர் யார்?

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள் கரிசற் சிற்றூர்களினின்று வருவோர் பலர். அவர்தம் கையிலுள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் இசைவு பெற்று, ஒரு பாட்டையேனும் குறைக்காமற் பதிவு செய்வாராக. பாட்டோடு, பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடப்பட்டது, யாரிடம் கற்றார் என்னும் நான்கு குறிப்புக்களையும் எழுதுவாராக. தொகுப்பு வெளியிடும் பாடகர்களும் ‘மரபுப் பாடல்’ என்னும் ஒரு சொல்லோடு அமையாது, பாட்டைத் தந்த மூதாட்டியின் பெயரையும் மேலுறையிற் பொறித்தல் முறையாகும்.

பாட்டின் காதலர்க்குப் பெயர் வேண்டா, அது மரபு. பாட்டைக் காத்துத் தந்தவர்க்குப் பெயர் வேண்டும், அது நன்றி. இவ்வேறுபாட்டை உணர்ந்து இம்முயற்சியில் இறங்குவார்க்குக் காலம் நெடிதில்லை. அம்மூதாட்டியர் இன்னும் திண்ணையில் இருக்கின்றனர். அருகிற் சென்று அமர்வோமாக.