லேஅவுட் வந்தா ஊருக்கு எவ்வளவு செலவு? ஒரு பெருக்கல் கணக்கு



சேலத்துல இருந்து நாமக்கல் போற ரோட்டுல பஸ்ல போயிருப்பீங்க. மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம்னு வழி நெடுக 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' போர்டுகள் பாத்திருப்பீங்க. மரவள்ளியும் சோளமும் விளைஞ்ச காட்டுல கல்லு நட்டு மனை பிரிச்சிருப்பாங்க. நோட்டீஸ்ல 'பக்கத்திலேயே எல்லா வசதியும் உண்டு'ன்னு இருக்கும். அந்த வசதியெல்லாம் யாரோடது? பக்கத்துல இருக்கிற ஊராட்சியோடது.

ஊர்க்காரங்க இதைப் பத்திக் கேள்வி கேட்டா, 'வளர்ச்சி பிடிக்காதவங்க'ன்னு சுலபமா சொல்லிடறோம். ஆனா அவங்க கேக்கிறது ஒரு கணக்குக் கேள்வி. நாம போட்டுப் பாக்கலாம்.

தண்ணி

உதாரணத்துக்கு 500 வீடு இருக்கிற ஒரு ஊர். வீட்டுக்கு 4 பேர்னா 2,000 பேர். 2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வச்சிருக்கிற அளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். மொத்தம் 1,10,000 லிட்டர்.

பக்கத்துல 200 மனை லேஅவுட் வருது. எல்லாத்துலயும் வீடு வந்துட்டா 800 பேர். அதே 55 லிட்டர்னா 44,000 போதும். ஆனா புது வீட்டுல ரெண்டு பாத்ரூம், வாஷிங் மெஷின், மாடியில டேங்க் எல்லாம் இருக்கும். பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்குச் சொல்ற அளவு 135 லிட்டர். அந்தப் பழக்கத்தோட வந்தா 800 × 135 = 1,08,000 லிட்டர்.

அதாவது 200 புது வீடு, 500 பழைய வீட்டுக்குச் சமமா தண்ணி கேக்குது. 12,000 லிட்டர் லாரியில கொண்டு வந்தா தினமும் ஒன்பது லாரி.

'போர் போட்டுக்கலாமே'ன்னு தோணும். சேலம், நாமக்கல் பக்கம் பூமிக்கு அடியில பெரும்பாலும் கெட்டிப் பாறை. பாறை வெடிப்புல தேங்கின தண்ணிதான் போர்ல வருது. ஒரே வெடிப்புல ரெண்டு போர் இறங்கினா, ஆழமா போட்டவங்களுக்குத் தண்ணி, மத்தவங்களுக்கு வெறும் காத்து. பக்கத்துத் தோட்டத்து விவசாயி பயப்படறதுல நியாயம் இருக்கு.

கழிவுநீர்

வீட்டுக்குள்ள போற தண்ணியில சுமார் 80 சதவீதம் கழிவா வெளிய வரும்னு டிசைன்ல எடுத்துக்குவோம். 1,08,000 லிட்டர்ல அது 86,400 லிட்டர். கிராமத்துல பாதாள சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினா லாரி, குளிச்ச தண்ணிக்கு ஓடை. அது எங்க போய் முடியும்னு திருமணிமுத்தாறைப் பாத்தா புரியும். சேர்வராயன் மலைப் பக்கம் உற்பத்தியாகி, சேலம் நகரத்தோட சாக்கடையைச் சுமந்துக்கிட்டு நாமக்கல் மாவட்டத்துக்குள்ள வந்து, நன்செய் இடையாறு பக்கம் காவிரியில கலக்குது. கழிவு நகரத்தோடது, நாத்தமும் கெட்டுப்போன கிணறும் கீழே இருக்கிற ஊர்களோடது.

பணம்

மனை பிரிக்கிறவர் லேஅவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா, சாலை போக மீதியில 10 சதவீதத்தைப் பூங்கா மாதிரி பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுக்கணும். நல்ல விதிதான். ஆனா தானமா வாங்கின நாள்ல இருந்து தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ரோட்டுக் குழி எல்லாம் ஊராட்சி தலையில. வீட்டுவரியோ வீடு கட்டின பிறகுதான் வரும்.

மானியமாவது வருமா? 15-வது நிதிக்குழு 2021–26-க்கான உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரிச்சப்போ எடுத்துக்கிட்டது 2011 மக்கள்தொகை. அதுக்கப்புறம் குடிவந்த நம்ம 800 பேர் அந்தக் கணக்குலயே இல்ல.

இன்னொரு சிக்கல். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கிறது விதி. 800 பேர் வந்தா எதுவும் மாறாது. ஆனா ஒரே ஊரைச் சுத்தி இதே மாதிரி ஆறு லேஅவுட் வந்தா 4,800 பேர்! ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அனுமதி கொடுக்கும்போது, ஒவ்வொண்ணும் சின்னதாத்தான் தெரியும்.

2016 சொல்லிக் கொடுத்த பாடம்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2017 மே மாசம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்துச்சு. கட்டணம் கட்டினா பழைய மனைகளை முறைப்படுத்திக்கலாம். காகிதம் சரியாச்சு. ஆனா குறுகலா விட்ட தெருவைப் பின்னால யாராலயும் அகலப்படுத்த முடியாது. கணக்கு போட வேண்டிய நேரம் கல்லு நடறதுக்கு முன்னாடி.

இதுல புதுசா வர்றவங்களும் எதிரி இல்ல. இருபது வருஷக் கடன்ல வீடு கட்டி, குழாய்ல தண்ணி வராம நிக்கப் போறது அவங்கதான். நாளைக்கு அது நீங்களாவும் இருக்கலாம், நானாவும் இருக்கலாம்.

நீங்க என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லீவுல ஊருக்குப் போறப்போ இந்த நாலு கேள்வியோட போங்க.

1. இந்த லேஅவுட் முழுசா நிரம்பினா ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? எங்க இருந்து வரும்?
2. கழிவுநீர் கடைசியா எந்த ஓடையில, எந்த ஏரியில சேரும்?
3. தானமா வாங்கறதுக்கு முன்னாடி ரோடு, வடிகால், தெருவிளக்கு எல்லாம் முடிஞ்சிருக்கா?
4. நம்ம ஊரைச் சுத்தி ஏற்கனவே அனுமதி வாங்கின மனைகள் மொத்தம் எத்தனை?

பதில் வாயால சொன்னா போதாது, தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க. பெருக்கிக் காட்ட கால்குலேட்டர் வேணும்னா, உங்க போன்லயே இருக்கு.