பிரசவத்திற்குப் பின் மூச்சு வாங்குகிறதா? இதயத்தையும் பார்க்கணும்!



"பிள்ளை பெத்தவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும், மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பல பேருக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு, இதயம் பலவீனமாகிப் பெரிதாகிவிட்டதற்கு அதுவே அறிகுறி. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவமாகி 5 மாதம் வரை இந்த நோய் வரலாம். முன்பு இதய நோயே இல்லாத பெண்ணுக்கும் வரும். இரட்டைப் பிள்ளை சுமந்தவர்கள், கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன நடக்கிறது?

நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் இடது அறையில் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். தசை பலவீனமானால் அந்த வேகம் குறையும். நுரையீரலில் நீர் தேங்கும், மூச்சு வாங்கும். காலில் நீர் தேங்கும், வீக்கம் வரும்.

கவனிக்க வேண்டியவை

* மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை அடுக்கிப் படுப்பது
* நடு ராத்திரியில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது
* படுத்தால் அதிகமாகும் இருமல்
* படபடப்பு, மயக்கம்
* சில நாளிலேயே உடல் எடை கூடுவது

ஈ.சி.ஜி.யில் என்ன தெரியும்?

நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயர் பொருத்தி எடுப்பார்கள். வலிக்காது, உடம்புக்குள் கரண்ட் பாய்ச்ச மாட்டார்கள். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடிப்பது, அலைகளின் வடிவம் மாறியிருப்பது, இதயத்தின் இடப்பக்கம் மின்சாரம் தாமதமாகப் போவது, தாறுமாறான துடிப்பு ஆகியவை தெரியலாம். ஆனால் சிலருக்கு ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும். அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடக் கூடாது. இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன்தான் உறுதி செய்யும். "எக்கோ எடுக்கணுமாங்க டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

மூச்சுத் திணறினால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். பிரசவமாகி எத்தனை நாள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை எடுத்த பலருக்கு இதயம் மறுபடி தேறிவிடுகிறது. நல்லாயிட்டேன் என்று மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. அடுத்த குழந்தைக்கு முன் இதய மருத்துவரின் ஆலோசனை கட்டாயம். இதைக் கணவரும் மாமியாரும் சேர்ந்தே கேட்கட்டும்.

குழுவில் பேசுவோம்: நம் குழுவில் கடந்த 5 மாதத்தில் பிரசவமானவர்கள் யார் யார்? அவர்களால் ராத்திரியில் நேராகப் படுத்துத் தூங்க முடிகிறதா? இந்த வாரமே போய்க் கேட்போம்.