கல்யாண ஆப்பில் பெயர் கொடுக்கும் முன்



முன்பெல்லாம் வரன் பார்க்க வேண்டும் என்றால் சொந்தபந்தத்தில் சொல்லி வைப்போம், தரகரிடம் ஜாதகம் கொடுப்போம். இப்போது தரகர் வேலையைச் செல்போன் செய்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அவர்களே ஆப்பில் பதிந்துவிட்டு, "அம்மா, இந்த போட்டோவைப் பாரு" என்கிறார்கள். கணவரை இழந்தவர்களும் விவாகரத்து ஆனவர்களும் ஊரில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, தாங்களே பதிவு செய்கிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. மறுமணத்துக்கு வரன் கேட்டால் எத்தனை தரகர் அக்கறையாகத் தேடித் தருகிறார்? ஆனால் எந்த ஆப் நம்பகமானது, அதில் உண்மையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டிவிடக் கூடாது.

முதலில் ஒரு வித்தியாசம். கல்யாண ஆப் வேறு, டேட்டிங் ஆப் வேறு. டேட்டிங் ஆப் என்பது ஆணும் பெண்ணும் அறிமுகமாகிப் பழகிப் பார்ப்பதற்கு. அங்கே கல்யாணம் என்ற பேச்சே இல்லாமலும் இருக்கலாம். கல்யாணத் தளங்களுக்கு 2016-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. தளம் திருமணத்துக்காக மட்டுமே என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், பதிவு செய்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், புகார் வாங்கும் அலுவலரின் தொடர்பு விவரம் தளத்தில் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. வீட்டுப் பெண் டேட்டிங் ஆப் வைத்திருந்தால் கத்திக் கூச்சல் போட வேண்டாம். 18 வயது முடிந்திருக்கிறதா, அது எதற்கான ஆப் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் பெண்ணைத்தான் மோசடிக்காரன் சுலபமாகப் பிடிக்கிறான்.

யார் நடத்துகிறார்கள்?

ஆப்பை ப்ளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டு இறக்க வேண்டாம். அப்படி வருவது நம் போனில் வரும் ஓ.டி.பி.யைத் திருடும் ஆப்பாகவும் இருக்கலாம். நடத்தும் கம்பெனியின் பெயர், அலுவலக முகவரி, போன் நம்பர், புகார் அலுவலர் விவரம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டுப் பேசுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் நாளைக்குப் பிரச்சினை வரும்போதும் எடுக்க மாட்டார்கள்.

எத்தனை ஸ்டார் வாங்கியிருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் பணம் கட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். குறிப்பாக ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதை. வரன் பார்க்கும் ஆப்புக்கு நம் எஸ்.எம்.எஸ். படிக்கவும் போனில் உள்ள நம்பர்களை எல்லாம் எடுக்கவும் என்ன வேலை? அந்த அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆள் நடமாட்டம் உண்டா?

சந்தையில் கொட்டகை பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே போனால் நாலு கடைதான் இருக்கும். சில ஆப்பும் அப்படித்தான். லட்சம் வரன் என்று விளம்பரம் இருக்கும். அதில் கல்யாணம் முடிந்து குழந்தை பெற்றவர்களின் பழைய பதிவும் அழியாமல் கிடக்கும். அதனால் முதலில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். நம் மாவட்டம், பக்கத்து மாவட்டம், நமக்கு வேண்டிய வயது என்று குறித்துத் தேடுங்கள். பல ஆப்பில் ஒருவர் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும். போன ஒரு மாதத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பத்துப் பேருக்கு விருப்பம் அனுப்பி இரண்டு வாரம் பொறுங்கள். இரண்டு பேர்கூட பதில் போடவில்லை என்றால் அந்த ஆப்புக்குப் பணம் கட்டுவது வீண்.

பதிவு செய்த மறுநாளே ஒரு பெண் போன் செய்து, "அக்கா, உங்க பொண்ணுக்கு அருமையான ஜாதகம் பொருந்தியிருக்கு, இன்னைக்கே கட்டினா பாதிக் கட்டணம்" என்பார். அவசரப்பட வேண்டாம். நல்ல வரன் நாளைக்கும் இருக்கும். கட்டுவதென்றால் இருப்பதிலேயே குறைந்த காலத்துக்குக் கட்டுங்கள். யு.பி.ஐ.யில் கட்டும்போது ‘ஆட்டோ பே’ என்பதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால் கெடு முடிந்ததும் கணக்கில் இருந்து தானாகப் பணம் போகும். யு.பி.ஐ. ஆப்பிலேயே அதைப் பார்த்து ரத்து செய்யலாம்.

பச்சை டிக் என்ன சொல்கிறது?

‘சரிபார்க்கப்பட்டது’ என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் அந்த டிக்குக்கு, போன் நம்பரையோ அடையாள அட்டையையோ பார்த்தோம் என்று மட்டும்தான் அர்த்தம். சம்பளம், குடிப்பழக்கம், கடன், முதல் கல்யாணம் இதையெல்லாம் கம்பெனி போய் விசாரிப்பதில்லை.

நம் குழுவில் ஒருவர் கடன் கேட்டால் மனுவை மட்டும் பார்த்தா தீர்மானம் போடுகிறோம்? எதற்கு, எப்படிக் கட்டுவார், வேறு எங்கே கடன் இருக்கிறது என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். அஞ்சாயிரம் ரூபாய்க்கே அப்படி என்றால், பெண்ணைக் கொடுக்கும் இடத்துக்கு ஆப்பில் உள்ளதை மட்டும் நம்பலாமா? மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்க் கடைக்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். அந்த ஊரிலும் மகளிர் குழு இருக்கும், அவர்களுக்குத் தெரியாத சங்கதி இருக்காது! விவாகரத்து ஆனவர் என்றால் கோர்ட் தீர்ப்பு நகல் கேளுங்கள். மனைவி இறந்தவர் என்றால் இறப்புச் சான்று. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பாஸ்போர்ட், விசா, வேலை செய்யும் இடம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் இடம் வேண்டாம். நம் பக்கம் ஆதார் கொடுக்க வேண்டி வந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

பணப் பேச்சு வந்தால்

அடிக்கடி நடக்கும் மோசடி ஒன்றைச் சொல்கிறோம். மறுமணத்துக்குப் பதிவு செய்த பெண்ணிடம் வெளிநாட்டு டாக்டர், கப்பல் இன்ஜினியர் என்று ஒருவர் பேசுவார். இரண்டே நாளில், "ஆப் வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்பார். காலையும் இரவும் சாப்பிட்டாயா என்று கேட்பார். யாரும் அப்படிக் கேட்டுப் பல வருஷம் ஆனவருக்கு மனசு இளகத்தான் செய்யும். நேரில் வரச் சொன்னால் ஏதாவது காரணம் சொல்வார். ஒரு நாள், உனக்கு நகையும் டாலரும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன் என்பார். அடுத்த நாள் டெல்லி விமான நிலையத்தில் இருந்து ‘கஸ்டம்ஸ் அதிகாரி’ பேசுவார், பார்சலை விடுவிக்க வரி கட்டு என்பார். கட்டினால் அபராதம், அதையும் கட்டினால் இன்னொரு கட்டணம். சுங்கத்துறை யாருக்கும் போன் போட்டுத் தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை. முகம் பார்க்காதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போட வேண்டியதே இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். அந்தரங்கப் படம் கேட்டால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். பிறகு அதை வைத்தே மிரட்டுவார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து போகிறது? அடகு வைத்த தாலியில் இருந்தும் குழுவில் வாங்கும் உள்கடனில் இருந்தும் போகலாம். ஒரு உறுப்பினர் திடீரென்று அவசரக் கடன் கேட்டுக் காரணம் சொல்லத் தயங்கினால், ஊக்குநர் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது நல்லது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நம் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். பேசிய செய்தி, பணம் போன எண் எதையும் அழிக்க வேண்டாம். வேறு ஆள் போல நடித்துக் கம்ப்யூட்டர், போன் மூலம் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66 டி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மிரட்டலுக்கு 181 மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் உறுப்பினர் வீடுகளில் யார் யார் கல்யாண ஆப்பில் பதிந்திருக்கிறார்கள், எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பதில் வந்தது? போனில் ‘ஆட்டோ பே’ பார்க்கத் தெரிந்த ஒருவரை அடுத்த கூட்டத்தில் மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.